நாயும் நம் ரசனையும்

நாய்ப் பிரியர்களுக்கென்று செய்யப்படுகிற அழகுச் சாமான்களையும் படங்களையும் பற்றி விமரிசனம் எழுதலாமா என்று கேட்டால், எழுதலாம், எழுதவும் வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். நாவலையும் கவிதையையும் பற்றி ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதித் தள்ளியிருக்கிறோம். வீட்டுக்குள் தினந்தோறும் கண்ணில் படுகிற சாமானைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஒரு நாவல் மோசமாக இருந்தால் வாசகனுக்கு இரண்டு மணி நேரம் நஷ்டம். நாய்ப் படம் மோசமாக இருந்தால் நஷ்டம் நாய்க்கு. இது மிகைப்பேச்சாகத் தோன்றலாம். விளக்கிச் சொல்கிறேன்.

பூட்டுக்கும் தோலுக்கும் பெயர் வாங்கிய எங்கள் திண்டுக்கல்லில், நாய் வளர்ப்பவர்களுக்கென்று இப்போது தனியாகக் கடைகள் இருக்கின்றன. நாயின் பாத அடையாளம் அச்சிட்ட தலையணை உறை, நாய் முகம் போட்ட காபிக் கோப்பை, சுவரில் மாட்டும் சித்திரம், சிவப்பு வெல்வெட் படுக்கை, சித்திரை வெயிலிலும் கண்ணாடி அலமாரியில் தொங்குகிற கம்பளிச் சட்டை, எல்லாம் உண்டு. சில சாமான்கள் பார்க்க நன்றாகவே இருக்கின்றன. கோடு சுத்தம், வர்ணம் நிதானம். ஆனால் கோப்பையில் இருக்கிற முகங்கள் பக், ஹஸ்கி, லாப்ரடார். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நான்கு ஜாதி நாய்களும் எங்கள் ஊரிலிருந்து ஒரு பகல் பஸ் பயணத்துக்குள் பிறந்தவை. இவற்றில் ஒன்றின் முகத்தையாவது ஒரு கோப்பையில் நான் கண்டதில்லை. தபால் இலாகா இந்த விஷயத்தில் நம்மைவிடத் தேவலை. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய நாய்களுக்காக நான்கு தபால் தலைகள் வெளியிட்டபோது, அவற்றில் ஒன்றை ராஜபாளையத்துக்குக் கொடுத்தது.

நல்ல சாமான் எது என்பதற்குத் திண்டுக்கல்காரனுக்கு வெளியூர் இலக்கணம் தேவையில்லை. நாகல் நகர்ப் பக்கம் கையால் செய்கிற பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டுகளில் மாங்காய்ப் பூட்டு என்று ஒன்று உண்டு. பெயருக்கேற்ற வடிவம், கையில் எடுத்தால் வைக்க மனம் வராது. ஆனால் அந்த அழகைப் பார்த்து யாரும் அதை வாங்குவதில்லை. வேறு சாவிக்கு அது திறக்காது என்பதற்காக வாங்குகிறார்கள். முதலில் வேலை, வேலையை ஒட்டி வடிவம், வடிவத்தை ஒட்டி அழகு. நாய்ச் சாமானையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும். செய்தவனுக்கு நாயைத் தெரியுமா? முதல் கேள்வி இதுதான்.

சிவப்பு வெல்வெட் படுக்கையை எடுத்துக்கொள்வோம். நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் பிரித்துத் தெரியும். சிவப்பும் பச்சையும் அதற்கு ஏறக்குறைய ஒரே மங்கல். ஆகவே அந்தச் சிவப்பு விருந்தாளிகளுக்காக. அதில் பாவம் ஒன்றுமில்லை, வீடு நம்முடையது. ஆனால் வெல்வெட் உஷ்ணத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நூறு டிகிரியைத் தாண்டுகிற எங்கள் ஊர்ப் பகலில், நாய் படுக்கையை விட்டிறங்கிக் குளியலறை வாசலில் ஈரத் தரையில் படுத்துக்கொள்கிறது. படுக்கையின்மேல் நாய் எழுதிய விமரிசனம் அது. அதற்குமேல் நான் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

நம்மவர்களுக்கு நாயைப் பார்க்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. மாடு பிடிக்க வந்தவர்களோடு நடந்த சண்டையில் கருந்தேவகத்தி என்ற வீரன் இறந்து போகிறான். அவனுடைய நாய் கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது. கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் நாயும் நிற்கிறது. அதன் செயலும் எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரும் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டிலே ஒரு நாய்க்குப் பெயர் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். அந்தச் சிற்பி நாயைக் கொஞ்சவில்லை. அது செய்த காரியத்தைச் சொன்னான், சொன்னதே மரியாதையாகிவிட்டது.

எங்கள் பக்கத்துக் கருப்பணசாமி, ஐயனார் கோயில்களில் வேளார்கள் செய்து வைக்கிற சுடுமண் உருவங்களிலும் இந்தக் குணத்தைக் காணலாம். குதிரைக்குக் காலடியில் நிற்கிற மண் நாய்க்குக் காது விறைத்திருக்கும், வால் தூக்கியிருக்கும், வாய் லேசாகத் திறந்திருக்கும். உடம்பு கச்சிதமாக இருக்காது. ஆனால் அது காவல் நிற்கிறது என்பதில் சந்தேகம் வராது. சிவன் கோயிலில் வயிரவருக்குப் பின்னால் குறுக்காக நிற்கிற நாயும் அப்படித்தான். தெய்வத்தின் கால்களுக்கு இந்தப் பக்கம் முகம், அந்தப் பக்கம் வால். இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு முழு நாயை அடக்கியிருக்கிறான் கல்தச்சன்.

வியாபாரத்துக்கென்று வந்த படங்கள் எல்லாமே மட்டம் என்றும் நான் சொல்லவில்லை. கிராமபோன் தட்டுகளில் இருந்த நாயை நம் தாத்தாக்கள் எல்லோருக்கும் தெரியும். பிரான்ஸிஸ் பராட் என்ற ஆங்கிலேய ஓவியர் வரைந்தது. நிப்பர் என்ற அந்த நாய் 1895இல் செத்துப்போயிற்று. அதற்குப் பின்னால்தான் அவர் வரைந்தார். 1899இல் கிராமபோன் கம்பெனி படத்துக்கு ஐம்பது பவுன், உரிமைக்கு ஐம்பது பவுன் கொடுத்து வாங்கிக்கொண்டது. வாங்குமுன், அவர் முதலில் வரைந்திருந்த சிலிண்டர் யந்திரத்தின்மேல் தங்கள் கிராமபோனைப் பூசி வரையச் சொன்னது. யந்திரத்தை மாற்றினார்களே தவிர நாயை மாற்றவில்லை. குரல் வருகிற திசைக்குத் தலையைச் சாய்த்துக் கேட்பது நாயின் சொந்த வழக்கம். அந்தச் சாய்வை வரைந்தவன் நாயோடு இருந்து பழகியவன். அதனால்தான் விளம்பரம் என்று தெரிந்தும் அந்தப் படம் நமக்குச் சலிக்கவில்லை.

இனி பக் நாய்க்கு வருவோம். 1745இல் ஹோகார்த் என்ற ஆங்கில ஓவியர் தம் படத்தைத் தாமே வரைந்தார். படத்தின் முன்பகுதியில் அவருடைய பக் நாய் டிரம்ப் உட்கார்ந்திருக்கிறது. லண்டன் டேட் சித்திரசாலையில் இருக்கிற இந்தப் படத்தின் அச்சுப் பிரதியைப் பார்க்கிறவர்கள் ஒரு கணம் திகைப்பார்கள். இதுவா பக்? அதற்கு ஒழுங்கான மூக்கு இருக்கிறது! இன்றைய பக்கைப் போல முகம் உள்ளே அழுந்திப் போகவில்லை. இடைப்பட்ட காலத்தில் நாய் வளர்ப்பவர்கள் தட்டை முகம், பெரிய கண், குழந்தை ஜாடை என்று பொறுக்கிப் பொறுக்கி இனம் பெருக்கினார்கள். பார்க்கிறவனுக்குப் பிடித்த படத்தை நாயின் எலும்பிலேயே வரைந்துவிட்டார்கள். மூக்கு குறுகினால் உள்ளே இருக்கிற சதையும் சேர்ந்து குறுகிவிடுவதில்லை. அது மூச்சுவழியை அடைக்கிறது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. நாக்கிலும் மூக்கிலும் ஈரம் ஆவியாகிப் போகும்போதுதான் அதன் உஷ்ணம் தணிகிறது. மூக்கே இல்லாதது எதைக் கொண்டு தணித்துக்கொள்ளும்?

2003இல் ஹட்ச் டெலிபோன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஒரு பக் நாய் போயிற்று. அழகான விளம்பரம் என்பதை மறுக்க முடியாது. பேச்சே இல்லாமல் விசுவாசத்தைச் சொன்னது. ஆனால் அதற்குப் பிறகு ஊர் ஊராக ஜனங்கள் அந்த நாயைத் தேடிப் போனார்கள். எங்கள் வீட்டுக்கும் அந்த அலை வந்தது. என் தங்கை மகன் எங்கேயோ ஒருவரிடம் குட்டி ஒன்றை வாங்கி வந்தான். வந்தது கார்த்திகை; எல்லோரும் கொஞ்சினோம். பங்குனி பிறந்ததும் அது மத்தியானத்தில் இரைக்க ஆரம்பித்தது. மனிதன் குறட்டை விடுவதுபோல் ஒரு சப்தம். ஈரச் சாக்கை விரித்து, மின்விசிறியைக் கீழே இறக்கி வைத்துப் பார்த்தார்கள்.

“தாத்தா, டி.வி.யில வந்த நாய் இப்படி இரைக்கலையே?” என்று அவன் பெண் என்னைக் கேட்டாள்.

“டி.வி.யில சத்தத்தை எடுத்துட்டு பாட்டைப் போட்டுட்டாங்கம்மா” என்றேன்.

“அப்ப அதுக்கும் இரைச்சிருக்குமா?”

எனக்கு அந்த விளம்பர நாயின் சௌக்கியம் தெரியாது. ஆனால் விமரிசகன் கேட்க வேண்டிய கேள்வியை ஏழு வயசுப் பெண் கேட்டுவிட்டாள். படம் எதைக் காட்டுகிறது என்பது பாதி விஷயம்தான். எதை எடுத்துவிட்டது என்பதையும் பார்க்க வேண்டும். நல்ல படம் நாயின் மூச்சை எடுத்துவிடாது. நெதர்லாந்து தேசத்தில் 2019 முதல், மூக்கு நீளம் மண்டை நீளத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குக்கும் குறைந்த நாய்களை இனம் பெருக்கக் கூடாது என்று அளவு வைத்துத் தடுத்திருக்கிறார்கள். நம்முடைய கடைகளிலோ அதே முகத்தைக் கோப்பையில் அச்சடித்து, அதன் கீழே ஒரு இருதயத்தையும் போட்டு விற்கிறார்கள். ஒவ்வொரு கோப்பையும் இன்னொரு குட்டிக்கு ஆர்டர் கொடுக்கிறது.

வெள்ளைக்காரன் கெடுத்தான், நாம் காப்பாற்றினோம் என்று மார்தட்டிக்கொள்ளவும் இடமில்லை. ராஜபாளையம் நாய் என்றால் அப்பழுக்கில்லாத வெள்ளை, ரோஜா நிற மூக்கு என்று நாமே ஒரு சித்திரத்தை எழுதி வைத்துக்கொண்டோம். உள்காதிலே நிறம் தரும் உயிரணுக்கள் இல்லாவிட்டால் காது கேளாது. உடம்பெல்லாம் வெள்ளையைத் தேடித் தேடி இணைக்கிறபோது பிறவிச் செவிடும் கூடவே வருகிறது. டால்மேஷியன் நாய்களிலும் பிரசித்தமான குறை இது. காவலுக்கென்று பெயர் வாங்கிய நாய்க்குக் காது கேளாது போனால், நாம் மிச்சம் வைத்தது என்ன? வெள்ளை ஒன்றுதான்.

இந்தத் துறையில் எனக்கு உற்சாகம் கொடுத்த முயற்சி ஜப்பானிலிருந்து வந்தது. கென்யா ஹாரா என்ற வடிவமைப்பாளர் 2012இல் பெரிய பெரிய கட்டடக் கலைஞர்களைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு ஜாதி நாயைக் கொடுத்து, அதற்கேற்ற கட்டடம் ஒன்று செய்யச் சொன்னார். வரைபடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துச் செய்துகொள்ளலாம் என்றும் விட்டுவிட்டார். குட்டைக் காலும் நீள முதுகும் கொண்ட டாக்ஸ்ஹண்ட் நாய்க்குப் படி ஏறுவது முதுகெலும்புக்கு ஆகாது. அதற்குச் சரிவான நடைபாதை செய்தார்கள். ஹாரா தாமே குட்டைப் பூடிலுக்குச் சின்னப் படிமேடை ஒன்று செய்தார். அதில் ஏறினால் நாயின் கண்ணும் மனிதனுடைய கண்ணும் ஒரே உயரத்தில் வரும். எல்லாமே வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். சில, நாயைவிடப் புகைப்படக்காரனுக்குத்தான் அதிகம் பயன்படும். ஆனால் எங்கே தொடங்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நாயின் காலையும் முதுகையும் அளந்துவிட்டுப் பென்சிலை எடுத்தார்கள்.

எங்கள் ஊரில் இதைச் செய்ய முடியாதா? சிப்பிப்பாறை நாயை எடுத்துக்கொள்ளுங்கள். முயலைத் துரத்திப் பிடிக்கவென்று வளர்ந்த ஒல்லி உடம்பு. தலை குறுகல், கழுத்தும் ஏறத்தாழ அதே பருமன். கடையில் கிடைக்கிற சாதாரணக் கழுத்துப்பட்டை தலைவழியே கழன்றுவிடும். இறுக்கினாலோ தொண்டையை நெரிக்கும். இங்கிலாந்தில் கிரேஹவுண்ட் வளர்ப்பவர்கள் இதற்காக நடுவில் அகலமாக, முனைகளில் குறுகலாக, மெத்தென்ற தோலில் பட்டை செய்து போடுகிறார்கள். தோல் பதனிட்டே பிழைத்த ஊர் இது. பித்தளையையும் இரும்பையும் ராவிக் கொக்கி செய்யத் தெரிந்த கைகள் நாகல் நகரில் இருக்கின்றன. ஒரு சிப்பிப்பாறையின் கழுத்தை நூல் பிடித்து அளந்து, அந்த அளவுக்கு ஒரு பட்டை வெட்டி, கொக்கியில் மாங்காய்ப் பூட்டுக்காரனின் கைவரிசை கொஞ்சம் தெரியும்படி செய்தால், அதைவிட நாகரிகமான நாய்ச் சாமான் எந்தப் பட்டணத்திலும் கிடைக்காது. கோப்பையில் படம் போட விரும்புகிறவர்கள் அதற்கப்புறம் அந்த நாயைப் போடட்டும். மூக்கை முழு நீளத்துக்கு வரைய வேண்டும் என்பது ஒன்றுதான் என் நிபந்தனை.