மூன்று கிடாரைக் கழற்றி ஒரு கிடார்

1970-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரக் கடையொன்றில் கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் பழைய ஸ்ட்ராடோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிடார்களை மொத்தமாக வாங்கினார். சக இசைக்கலைஞர்களான ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் மூவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். மிஞ்சிய மூன்றைப் பிரித்து, தேறிய பாகங்களைக் கூட்டி ஒரே கிடாராக்கினார். ‘பிளாக்கி’ என்ற அந்தக் கறுப்புக் கிடார் 2004-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. உதிரிகளை வைத்துப் பழைய எலெக்ட்ரிக் கிடாரைக் கட்டுகிறவர்கள் பெருமையாகச் சொல்லும் கதை இது. மூன்று கிடார் ஒன்றாகக் குறைந்ததை மட்டும் யாரும் சொல்வதில்லை.

உதிரிகளைக் கூட்டும் இந்த வேலை சாத்தியமானதற்குக் காரணம், ஸ்ட்ராடோகாஸ்டரை உருவாக்கிய லியோ ஃபெண்டர். அவர் கிடார் வாசித்தவர் அல்ல, ரேடியோ ரிப்பேர்க்காரர். பழுதானால் கழற்றி மாற்ற வேண்டும் என்பதே அவர் கணக்கு. அதனால் 1954-இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரின் கழுத்து பசையில் ஒட்டப்படாமல் நான்கே திருகாணிகளில் நிற்கிறது. உள்ளே தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் மூன்று பிக்கப், மூன்று வால்யூம்-டோன் கன்ட்ரோல், ஒரு கெப்பாசிட்டர், ஒரு சுவிட்ச். திருவண்ணாமலையில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுகிற ஒருவர் இந்த வயரிங்கை அரைமணி நேரத்தில் புரிந்துகொள்வார். பிக்கப்தான் கொஞ்சம் படுத்தும். 0.063 மில்லிமீட்டர் கம்பியைக் காந்தத்தைச் சுற்றி ஏறத்தாழ எட்டாயிரம் சுற்று சுற்ற வேண்டும். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பழகிய கைக்கு வேலை தெரியும். கம்பிதான் இழுத்தால் அறுந்துவிடும்.

ஆக, இந்தப் பழக்கத்தின் முதல் பலம் ஊர்க்கைகளுக்குள் அடங்குவது. இரண்டாவது பலம் மரம். 1960-களின் நடுவில் ஃபெண்டர் நிறுவனம் விரல்பலகைக்குப் பிரேசில் ஈட்டியை விட்டு இந்திய ஈட்டி மரத்துக்கு மாறியது. அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் விளையும் மரம். அது அருகியதால்தான் தமிழ்நாடு அரசு 1994-இல் ஈட்டி மரப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. 2017-இல் அந்த மரப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்குக் கிடைத்தது. வளைந்த கழுத்தை நிமிர்த்தி மறுபடி பூட்டினால் வெட்டப்படாமல் ஒரு துண்டு ஈட்டி மிஞ்சும். மரத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தப் பழக்கத்தை எதிர்க்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

கோளாறு தொடங்குவது ‘ஒரிஜினல்’ என்ற ஆசையில். கன்ட்ரோலின் முதுகில் ஓர் எண் அச்சாகியிருக்கும். 1376612 என்றிருந்தால் சிடிஎஸ் நிறுவனம், 1966, பன்னிரண்டாவது வாரம் என்று அர்த்தம். கிடாரின் வயதை அறிய உதவும் இதே எண்தான் பொய்க்கும் வழி. 1966-இன் கன்ட்ரோலைப் பிந்திய கிடாருக்குள் பற்றவைத்துவிட்டு, கிடாரே 1966 என்று விற்கலாம். தனித்தனியாக விற்றால் கூடுதல் காசு என்று, நன்றாக வாசிக்கக்கூடிய முழுக் கிடாரையும் பிரித்துப்போடுகிறார்கள். இங்கே உதிரி, செத்த கிடாரிலிருந்து வருவதில்லை, உயிருள்ளதிலிருந்து பிடுங்கப்படுகிறது. போதாதென்று, 1995 முதல் ஃபெண்டரே புதுக் கிடாரில் பெயின்ட்டைச் சுரண்டிப் பழசாக்கி விற்கிறது. 2006-இல் பிளாக்கிக்கும் 275 நகல்கள் வந்தன. தழும்பு உட்பட எல்லாம் நகல்!

பாகம் பழசா புதுசா என்ற கேள்விக்கு, திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயிலின் பெரிய தேரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 2024-இல் பழுதான மரங்களை எடுத்துவிட்டுப் புது மரச்சட்டங்கள் பொருத்தி, நவம்பரில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் வடம் பிடிக்க வந்தவர்கள் எத்தனை சட்டம் பழசு என்று கேட்கவில்லை. தேர் ஓட வேண்டும், அவ்வளவுதான். கிடாருக்கும் இந்த அளவுகோலே போதும் என்பேன். ஆனால் தேர்களிலும், மாற்றிய பாகம் எது என்று குறித்து வைக்காவிட்டால் எந்தச் சிற்பம் எந்தக் காலத்தது என்பது பிறகு தெரியாமல் போகும். அந்தக் குறை இரண்டுக்கும் பொது.

இன்னொரு சங்கதி, வெயில். நாற்பது டிகிரியைத் தாண்டும் திருவண்ணாமலைக் கோடையில் விரல்பலகை சுருங்கி, அதில் பதித்த ஃப்ரெட் கம்பிகளின் முனைகள் கையைக் கிழிக்கும். கார்த்திகை மழையில் கழுத்து வேறு பக்கம் வளையும். வெவ்வேறு கிடார்களிலிருந்து வந்த மரங்கள் ஒரே மாதிரி அசையா. அதனால் ஒட்டுக் கிடாரை இங்கே கட்டுகிறவர் முதல் வருடம் முழுக்க அதைச் சரிசெய்துகொண்டேதான் இருக்க வேண்டும். எளிய வேலை என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

கட்டுகிறவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். முழுதாக வாசிக்கிற கிடாரை உதிரிக்காகப் பிரிக்காதீர்கள். எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில் பூட்டினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, பிக்கப்கள் பூட்டிய மேல்தகட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்; அடுத்து வாங்குகிறவர் ஏமாறாமல் இருக்கட்டும்.