வஸ்லித் தாளிலிருந்து கணினித் திரைக்கு: ஷாஸியா ஸிகந்தரின் கலையில் அடையாளமும் சமூகமும்

டிஜிட்டல் கலைஞனுக்கு ஊர் எது, உஸ்தாத் யார் என்னும் வினா நம் காலத்தில் அடிக்கடி எழுப்பப்படுகின்றது. தூரிகையும் வண்ணக் கலவையும் ஒரு நிலத்தின் மணத்தைத் தாங்கியவை. கணினியோ எல்லா நாட்டினர்க்கும் ஒன்றே. ஆகவே அதனைக் கொண்டு ஆக்கப்படும் கலைக்கு மரபும் சமூகமும் அமைய முடியாது என்று கருதுவோர் உளர். முஸ்லிம் கலைஞர்களைப் பொறுத்தவரை இதனோடு மற்றொரு சிக்கலும் சேர்ந்துகொள்கின்றது. தம் அடையாளத்தை அவர்கள் தேடத் தொடங்குமுன்பே பிறர் அதனை எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிடுகின்றனர். பாகிஸ்தானில் பிறந்து அமெரிக்காவில் வாழும் ஷாஸியா ஸிகந்தரின் ஆக்கங்கள் இவ்விரு நிலைகளையும் ஆராய்வதற்குத் தக்க சான்றாக விளங்குகின்றன.

1969ஆம் ஆண்டு லாஹூரில் பிறந்த ஷாஸியா, அந்நகரின் தேசியக் கலைக் கல்லூரியில் பயின்றவர். ஆங்கிலேயர் 1875இல் நிறுவிய மேயோ கலைப் பள்ளியே 1958இல் அப்பெயரைப் பெற்றது. அங்கு ஹாஜி முஹம்மத் ஷரீப், ஷெய்க் ஷுஜாஉல்லாஹ் ஆகிய மூத்த ஓவியர்களிடம் நுண்ணோவியம் கற்ற பஷீர் அஹ்மத், ஷாஸியாவின் ஆசிரியராக அமைந்தார். அக்காலத்தில் அத்துறை, சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் பழம்பொருளைப் படியெடுக்கும் கைத்தொழிலாகவே பலரால் நோக்கப்பட்டது. அதனைத் தெரிந்தே தேர்ந்தெடுத்த ஷாஸியா, 1989-90இல் 'சுருள்' எனும் பொருள்படும் தலைப்பில் 5 அடிக்கு மேற்பட்ட நீளமுள்ள ஓர் ஓவியத்தைப் படைத்தார். வெண்ணிற ஆடை அணிந்த இளம்பெண்ணொருத்தி ஒரு வீட்டின் அறைகள்தோறும் நடந்து செல்கின்றாள். அவளது முகம் எங்கும் காட்டப்படவில்லை. ஒரே உருவம் இடந்தோறும் மீண்டும் தோன்றுவதால், அசையாத தாளிலேயே அசைவு பிறந்துவிடுகின்றது. பிற்காலத்தில் அவர் கணினிவழி அசைவோவியத்துக்கு வந்தமைக்கான வித்து இங்கேயே ஊன்றப்பட்டுவிட்டது எனலாம்.

நுண்ணோவியப் பயிற்சியின் முதற்படி தாளைத் தயாரிப்பது. பல தாள்களைப் பசையிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வழவழப்பாகத் தேய்த்தெடுப்பதே 'வஸ்லி'. அதன்மேல் மெல்லிய வண்ணம் அடுக்கடுக்காகப் பூசப்படும். பின்னர் 'பர்தாக்த்' எனப்படும் நுண்ணிய புள்ளிகளாலும் கீறல்களாலும் உருவத்துக்குத் திரட்சி அளிக்கப்படும். கணினியில் படம் ஆக்குவோரும் அடுக்குகளாகவே பணியாற்றுகின்றனர். ஷாஸியா தம் கையால் வரைந்த சித்திரங்களையே கணினியில் ஏற்றி, அடுக்கிப் பிரித்து இயங்கச் செய்கின்றார். கருவி மாறியது, ஆயின் அடுக்கின்மேல் அடுக்காகச் சிந்திக்கும் பயிற்சி மாறவில்லை. மரபு என்பது வெளித்தோற்றத்தில் ஒட்டப்படும் மினாராவோ வளைவோ அன்று. ஆசானிடமிருந்து மாணவர்க்கு இறங்கும் ஒழுங்கே மரபு என்பதை இது உணர்த்துகின்றது. ஹதீஸ் கலையில் இஸ்னாத் எனும் அறிவிப்பாளர் தொடருக்கு உள்ள மதிப்பை அறிந்த நமக்கு இது விளங்குவதற்குக் கடினமான கருத்தன்று.

2003இல் வெளிவந்த 'ஸ்பின்' எனும் அசைவோவியம் முகலாய தர்பார் மண்டபமொன்றைக் காட்டுகின்றது. பாதுஷா அமர வேண்டிய அவையைக் கோபியர் கூட்டம் நிறைக்கின்றது. பின்னர் அவர்களது கூந்தல் உடலினின்று பிரிந்து, பறவைக் கூட்டம்போல் திரண்டு பறக்கின்றது. முஸ்லிம் ஓவியரின் படைப்பில் கோபியர்க்கு என்ன இடம் என்று வினவுவோர்க்கு, அவரது பிறிதோர் ஆக்கமே விடையளிக்கின்றது.

ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் 'குல்ஷனே இஷ்க்' காவியத்தின் 1743ஆம் ஆண்டுப் பிரதியொன்று ஓவியங்களுடன் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. பீஜப்பூரின் அரசவைப் புலவர் நுஸ்ரத்தி 1657-58 காலப்பகுதியில் தக்கனி மொழியில் இயற்றிய நூல் இது. இளவரசன் மனோகரும் மதுமாலதியும் சந்தித்துப் பிரிந்து மீண்டும் இணையும் இக்கதையை, 1545இல் ஸூபிக் கவிஞர் மன்ஜன் அவதி மொழியில் பாடியிருந்தார். இந்து மரபின் பெயர்களும் நிகழ்விடங்களும் கொண்ட காதற்கதை, இறைக்காதலை உணர்த்தும் ஸூபிக் காவியமாக அரபு-பாரசீக எழுத்தில் எழுதப்பட்டது. அருங்காட்சியகத்தின் வேண்டுகோளுக்கிணங்க, 2016இல் ஷாஸியா இப்பிரதியின் ஓவியங்களை அசைவோவியமாக்கினார். சீனாவில் பிறந்த து யுன் இசையமைக்க, லாஹூரைச் சேர்ந்த அலீ ஸேட்டி பாடினார். கண்ணாடிப் பேழைக்குள் ஒரு பக்கம் மட்டும் விரித்து வைக்கப்படும் ஏடு, இங்கு மீண்டும் ஓசையும் ஓட்டமும் பெற்றது. இறந்துபோன ஓவியர், எழுத்தர், பாடகர், இசையமைப்பாளர் ஆகிய அனைவரும் ஒரே பணியில் கூடுகின்றனர். டிஜிட்டல் கலைஞன் தேடும் சமூகம் எத்தகையது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

பிறர் சூட்டும் அடையாளம் எவ்வளவு நிலையற்றது என்பதை 2024ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று காட்டிற்று. ஷாஸியா உருவாக்கிய 18 அடி உயரப் பெண்ணுருவச் சிற்பம் ஹியூஸ்டன் பல்கலைக்கழக வளாகத்தில் வைக்கப்பட்டபோது, கருக்கலைப்பை எதிர்க்கும் கிறிஸ்தவ அமைப்பொன்று அதனைச் சாத்தானின் சின்னமெனக் கண்டித்தது. அவ்வாண்டு ஜூலையில் புயல் வீசிய வேளையில் அதன் தலை துண்டிக்கப்பட்டது. அதனைச் செப்பனிடாது அவ்வாறே விட்டுவிட வேண்டும் என்பதே கலைஞரின் விருப்பமாக இருந்தது. சிற்பம் வடித்தல் பற்றிய மார்க்க அறிஞர்களின் நிலைப்பாடு நாம் அறிந்ததே. இங்கு எழும் பிரச்சினை அதுவன்று. மேலைநாட்டுக் கலையுலகில் 'முஸ்லிம் பெண்' எனும் பெயரால் அறிமுகப்படுத்தப்பட்டு வந்த ஒருவர், மற்றொரு தரப்பாரின் பார்வையில் ஒரே நாளில் சாத்தானின் தூதராகின்றார். இவ்விரு பெயர்களுமே அவரது கலையைக் கண்டு சூட்டப்பட்டவை அல்ல.

எனினும் குறை கூறாது பாராட்டுவது மட்டும் விமர்சனமாகாது. நுண்ணோவியம் கையில் ஏந்திப் பார்க்கப்பட வேண்டியது. கண் அதன்மேல் மெல்ல ஊர்ந்து, ஒவ்வோர் இலையாக வாசிக்கின்றது. 2013இல் ஷார்ஜா கலைவிழாவுக்காக ஹோர்முஸ் நீரிணையைப் பொருளாகக் கொண்டு மூன்று காட்சிகளை இணைத்து ஆக்கிய 'பெரலக்ஸ்' போன்ற பெரும் படைப்புகளில் அந்த நிதானம் சிதைகின்றது. உருவங்கள் திரண்டு, வெடித்து, மறைந்துவிடுகின்றன. வியப்பு எஞ்சுகின்றதேயன்றி வாசிப்பு நிறைவுறுவதில்லை. மேலும் இவ்வாக்கங்கள் பெரிதும் அருங்காட்சியகங்களையும் கண்காட்சிகளையும் சார்ந்தே வாழ்கின்றன. தக்கனி பேசும் எளிய குடும்பமொன்று, தன் மொழியின் காவியம் ஃபிலடெல்ஃபியாவில் உயிர்பெற்றதை எங்ஙனம் அறியும்? முன்னோரோடும் சக கலைஞரோடும் ஷாஸியா உறவை நிறுவிவிட்டார். அக்காவியத்துக்கு உரிய மக்களோடு கொள்ள வேண்டிய உறவு இன்னும் நிறைவேறவில்லை.

இவ்விடத்தில் நம் கவனம் நம்பக்கம் திரும்புகின்றது. தக்கனி முஸ்லிம்களைப் போலவே, பேசும் மொழியை அரபு எழுத்தில் எழுதிய சமூகம் நாம். காயல்பட்டினம், கீழக்கரை முதல் இலங்கையின் கரையோர ஊர்கள்வரை அரபுத்தமிழ் நூல்கள் ஓதப்பட்டன. இன்று நம் இளைஞர் பலர் கணினியில் வரைவதில் வல்லவர்கள். இருந்தும் 'இஸ்லாமியக் கலை' ஒன்றை ஆக்குமாறு கேட்டால், துருக்கியின் குவிமாடத்தையும் மொரோக்கோவின் ஓட்டுக்கோலத்தையும் எடுத்தாளுகின்றனர். அவர்களை நோவதில் பயனில்லை. அரபுத்தமிழின் எழுத்துவடிவை, பழைய மீஸான் கற்களின் செதுக்கலை, பள்ளிவாசல் தூண்களின் கொடிவேலையை அவர்களுக்குக் கற்பிக்கும் பஷீர் அஹ்மத் ஒருவர் நம்மிடையே இல்லை. லாஹூரின் அனுபவம் கூறுவது இதுவே: முதலில் உஸ்தாதும் மாணவரும் அமரும் ஓரிடம் வேண்டும். அஃது அமைந்தபின், கையிலிருப்பது அணில்முடித் தூரிகையா கணினியா என்பது இரண்டாம் நிலை வினாவாகவே இருக்கும்.