தள்ளி இருப்பதும் தணிந்து இருப்பதும்

"மிருதங்கம் எங்கேயோ கேக்குது சார்."

பழைய கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினால், புதிதாகக் கேட்க வருகிறவர்கள் சொல்லும் முதல் குறை இது. இரண்டாவது குறை இரைச்சல். மூன்றாவதைச் சொல்வதற்குள் கை போனுக்குப் போய்விடும். எனக்கு எரிச்சல் வருவது அந்த முதல் குறையில்தான். மிருதங்கம் எங்கேயோ இருக்கிறது என்பது காதில் விழுந்துவிட்டது, பாருங்கள். அந்த ‘எங்கேயோ’ எங்கே என்று ஒரு நிமிஷம் தேடியிருந்தால் மனிதர் இந்தப் பக்கமே தங்கியிருப்பார். தேடுவதில்லை. எல்லா வாத்தியமும் மூக்குக்கு நேரே வந்து நிற்கிற இன்றைய ரெக்கார்டிங்குக்கே திரும்பிப் போய்விடுகிறார்கள்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒற்றை மைக் பதிவு என்றால் பாடுகிறவர், வாசிக்கிறவர்கள், அந்தக் கூடம், கூடத்தில் இருமுகிறவர் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மைக். அப்புறம் மிக்ஸிங் கிடையாது. கலப்பதற்கு இரண்டாவதாக ஒன்று இருந்தால்தானே! யார் தூக்கலாகக் கேட்க வேண்டும், யார் அடக்கமாகக் கேட்க வேண்டும் என்பதை உட்கார்ந்த இடமும் கையும் தொண்டையுமே தீர்மானிக்கும். இதற்கு ஒரு நெருங்கிய உறவு உண்டு: ஒரே புள்ளியில் இரண்டு மைக். இ.எம்.ஐ.யில் பொறியாளராக இருந்த ஆலன் ப்ளம்லைன் 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை. சில மைக்குகளுக்கு முன்னாலும் பின்னாலும் கேட்கும், பக்கவாட்டில் செவிடு. அப்படிப்பட்ட இரண்டு மைக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றை 90 பாகை திருப்பிவிடுவது. 1934 ஜனவரியில் லண்டன் ஆபி ரோடில் பீச்சம் நடத்திய மோட்சார்ட்டின் ‘ஜுபிட்டர்’ சிம்பொனியை அவர் ஸ்டீரியோவில் பதிந்தார். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வர அதற்கப்புறம் ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆயிற்று.

பெரிய கூட்டத்துக்கு இது சரிப்படுமா என்பவர்களுக்கு ஒரே பதில், 1951. சிகாகோவின் ஆர்கெஸ்ட்ரா ஹாலில் ரஃபேல் கூபெலிக் முஸோர்க்ஸ்கியின் ‘பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷ’னை நடத்தினார். மெர்க்குரி கம்பெனிக்காகப் பதிந்த ராபர்ட் ஃபைன் கண்டக்டரின் தலைக்கு மேலே உயரத்தில் ஒரே ஒரு மைக்கைத் தொங்கவிட்டார். முழு ஆர்கெஸ்ட்ராவுக்கும் அதுதான். நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் அந்தத் தட்டைப் பற்றி எழுதியதிலிருந்துதான் கம்பெனி ‘லிவிங் பிரசன்ஸ்’ என்ற பெயரையே எடுத்துக்கொண்டது.

கேட்கும் விதம்: ஹெட்போனைக் கழற்றுங்கள். மோனோ பதிவை ஹெட்போனில் கேட்டால் கச்சேரி முழுவதும் உங்கள் மண்டைக்குள்ளே, நட்டநடுவில் நடக்கும். ஒரே ஒரு ஸ்பீக்கர் போதும், ஆறேழு அடி தள்ளி உட்காருங்கள். சத்தத்தைக் கூட்டாதீர்கள். முதல் ஐந்து நிமிஷம் இரைச்சல் கேட்கும். ஆறாவது நிமிஷம் காது அதை ஓரங்கட்டிவிடும். அவ்வளவுதான் அடிப்படை. இனி நான் பேச வந்த விஷயம்.

ஒரு வாத்தியம் சின்னதாகக் கேட்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. தள்ளி இருப்பது ஒன்று. தணிந்து வாசிப்பது இன்னொன்று. மூன்றாவது, யாரோ குறைத்துவிட்டது. இந்த மூன்றையும் பிரித்துக் கேட்கத் தெரியாதவரை, ரெக்கார்டிங் பற்றி நமக்கு எந்த அபிப்பிராயமும் இருக்க நியாயமில்லை என்பது என் கட்சி. கொஞ்சம் பொறுங்கள், விளக்குகிறேன்.

தள்ளி இருக்கும் ஒலி என்ன ஆகிறது? வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் இறங்கும். கூடத்துக்குள் கதை வேறு. வாத்தியத்திலிருந்து நேரே வரும் ஒலி இறங்கும். சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருவது ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகவே தள்ளிப்போகப்போக வாத்தியத்தோடு கூடம் அதிகமாகக் கலக்கும், ஒவ்வொரு அடியின் விளிம்பும் மழுங்கும். ஆனால் அடித்த வேகம் மாறாது. ஓங்கி அடித்தது ஓங்கி அடித்ததாகவே தெரியும்.

தணிந்து வாசிப்பதில் நடப்பது இதற்கு நேர்மாறு. தோலோ தந்தியோ, மெதுவாகத் தொட்டால் முதலில் உதிர்வது மேலேயுள்ள ஹார்மானிக்ஸ். நாதத்தின் நிறமே மாறுகிறது. உருண்டையாகிறது, மினுக்கு அடங்குகிறது. ஆனால் இடம் மாறுவதில்லை. பக்கத்தில் இருந்தவர் பக்கத்திலேயே இருக்கிறார், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

மூன்றாவதற்கு வருவோம். ஆளுக்கொரு மைக்கை வாத்தியத்தை ஒட்டி வைத்துப் பதிந்துவிட்டு, மிக்ஸரில் மிருதங்கத்தின் ஃபேடரைக் கீழே இழுத்தால் என்ன வருகிறது? ஓங்கி அடித்த அடி, அந்த மினுக்கு முழுதோடும், பொடியாகக் கேட்கிறது. நிறம் ‘பலம்’ என்கிறது, அளவு ‘மெதுவு’ என்கிறது, இடம் என்று ஒன்று கிடையவே கிடையாது. உலகத்தில் எந்தக் கூடத்திலும் எந்தக் காதுக்கும் கிடைக்காத ஒலி அது. இதைத்தான் ‘கிளாரிட்டி’ என்கிறார்கள்.

நம் கச்சேரி மேடையையே எடுத்துக்கொள்ளுங்கள். மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம், பாடகரைப் பார்த்து உட்காருகிறார். அப்போது வலது முகமான வலந்தலை சபையை நோக்கி இருக்கும், இடது முகமான தொப்பி மேடையின் பின்புறத்தை நோக்கி. (இடக்கைக்காரரான பழனி சுப்பிரமணிய பிள்ளை எதிர்ப்பக்கம் உட்கார வேண்டியிருந்தது இதனால்தான், அதற்காகப் பிடில்காரர் இடம் மாற வேண்டும், அதில் கிளம்பிய மனஸ்தாபங்கள் தனி வரலாறு.) பாடகருக்கு முன்னால் இருக்கும் ஒரே மைக்குக்கு வலந்தலையின் சாப்பு நேரே வரும். தொப்பியின் கும்காரம் வாசிக்கிறவரையும் மேடையையும் சுற்றிக்கொண்டு, கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் கரைந்து வரும். ஒரே வாத்தியத்துக்குள்ளேயே ஒரு கிட்டே, ஒரு தூரம்! இந்த ஆழத்தைக் காதால் அளக்கலாம். இன்றைய சபாவில் தொப்பிக்குத் தனி மைக். பெரும்பாலான கச்சேரிகளில் அதன் பலன், தொடையில் அதிரும் ஒரு ‘தொம்’.

இப்போது பாடகர் மந்தர ஸ்தாயிக்கு இறங்குகிறார் என்று வையுங்கள். நல்ல மிருதங்கக்காரர் தணிவார். ஒற்றை மைக் பதிவில் அவர் தணிந்ததுதான் நமக்குக் கேட்கிறது. அவர் முடிவு, அவர் விரல். அந்தக் கணத்தில் அவர் பாடகரைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதற்கு அந்தப் பதிவுதான் சாட்சி. இன்று மேடையில் வித்வான்கள் பாட்டுக்கு நடுவே மிக்ஸர்காரரைப் பார்த்து விரலை மேலே மேலே ஆட்டிக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள், ‘மானிட்டரை ஏத்துங்க’ என்று. பக்கத்தில் இருப்பவரைக் கேட்க ஒரு ஸ்பீக்கர் தேவைப்பட்டுவிட்டது. அப்புறம் பாலன்ஸ் எங்கிருந்து வரும்?

தணிவது என்றால் என்ன என்று உலகத்திலேயே நன்றாகச் சொல்லித்தரும் பாடம் வேறொரு ஊரில் இருக்கிறது. நியூயார்க் கார்னகி ஹால், 1938 ஜனவரி 16, பென்னி குட்மன் ஜாஸ் குழு. மேடைக்கு மேலே தொங்கிய ஒரு மைக்; அதிலிருந்து கம்பி வழியாக ஸ்டுடியோவுக்குப் போய்த் தட்டில் கீறப்பட்டது. தட்டுகள் வருஷக்கணக்கில் முடங்கிக் கிடந்து 1950-ல்தான் வெளியாயின. ‘சிங், சிங், சிங்’ என்ற அந்த நீண்ட உருப்படியின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். அதுவரை ஜீன் க்ரூபாவின் டிரம் கூரையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. குட்மனின் கிளாரினெட் உச்சிக்கு ஏறி, அங்கேயே மெலிகிறது. மெலிகிறதே தவிர ஒரு அங்குலம்கூடப் பின்வாங்கவில்லை. அடுத்து யாரும் எதிர்பாராமல் ஜெஸ் ஸ்டேஸியின் பியானோ. யாரும் எந்தப் பொத்தானையும் ஏற்றவில்லை. க்ரூபா அடக்கிக்கொண்டார், அந்த இடைவெளியில் பியானோ எழுந்தது, அவ்வளவுதான். அந்த டிரம் தள்ளியா, தணிந்தா? கேட்டுச் சொல்லுங்கள். அதைச் சொல்லிவிட்டால் உங்களுக்கு இந்தக் கட்டுரை வேண்டாம்.

அதே பதிவை 1999-ல் இரைச்சலை வடிகட்டாமல் மறுபடி வெளியிட்டார்கள், விமர்சகர்கள் பாய்ந்தார்கள். நான் இரைச்சல் கட்சி. கரகரப்பை வழிக்கிற கத்தி முதலில் வழிப்பது சிம்பலின் வாலையும் கூடத்தின் காற்றையும்தான். தூரம் குடியிருப்பது அங்கேதான்.

தள்ளி இருப்பதையே வாத்தியமாக்கிக்கொண்டவர்கள் அமெரிக்காவின் ப்ளூகிராஸ் கோஷ்டிகள். எல்லாரும் ஒரு மைக்கைச் சுற்றி நிற்பார்கள். பாஞ்சோக்காரரின் முறை வந்தால் அவர் முன்னே வருவார், முடிந்ததும் நழுவுவார், பிடில் நுழையும். பில் மன்றோ காலத்துப் பழக்கம். எல்லாரும் ஆளுக்கொரு மைக்குக்கு மாறிய பிறகு டெல் மெக்கூரி குழு 1990களில் மறுபடி ஒற்றை மைக்குக்குத் திரும்பியது. பதிவில் அந்த நடமாட்டம் அப்படியே கேட்கும். வாத்தியம் பெரிதாவதற்கு முன் கிட்டே வரும். இந்த ‘முன்’னைப் பிடித்துவிட்டால் ஜோரான பொழுதுபோக்கு.

இரண்டு மைக் ப்ளம்லைன் முறைக்கு நம் பக்கத்து மனிதர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர் கலிஃபோர்னியாவில் ‘வாட்டர்லிலி அகூஸ்டிக்ஸ்’ என்று ஒரு சின்னக் கம்பெனி நடத்தினார். 1992-ல் சாண்டா பார்பராவில் ஒரு தேவாலயத்தில் விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணையையும் ரை கூடரின் கிதாரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பதிந்தார். அவர்கள் இருவரும் சந்தித்ததே அதற்குச் சற்று முன்னால்தான். ‘எ மீட்டிங் பை த ரிவர்’ என்று வெளிவந்து 1994-ல் கிராமி வாங்கியது. ஒருவர் கேள்வி கேட்டுவிட்டுத் தணிய, மற்றவர் தயங்கி நுழைவதைக் கேளுங்கள். இந்த ரை கூடருக்கு ஒரு கிறுக்கான ஊகம் உண்டு, எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1936-ல் சான் அன்டோனியோ ஹோட்டல் அறையில் ராபர்ட் ஜான்சன் ப்ளூஸ் பதிந்தபோது மூலையைப் பார்த்து உட்கார்ந்தாராம், கூச்சம் என்றார்கள். கூடர் சொல்வது, கூச்சமும் இல்லை ஒன்றும் இல்லை, கிதார் ஒலியைச் சுவர் திருப்பித் தரட்டும் என்றுதான் உட்கார்ந்திருப்பார் என்று. இருக்கும். வாத்தியக்காரன் சுவரை விடமாட்டான்.

இனி திட்ட வேண்டியவை. ‘ஒலித்தரம் சுமார், ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும்’ என்று ஒரு வரியில் தள்ளிவிடும் விமர்சகர்கள் முதலில். இவர்களுக்கு ராகம் தெரியும், கூடம் தெரியாது. அடுத்து, மெர்க்குரி என்றதும் சாய்கோவ்ஸ்கியின் ‘1812’ தட்டை நீட்டும் ஆடியோ பிரியர்கள். அதில் புகழ்பெற்றதே பீரங்கி. பீரங்கியை வெஸ்ட் பாயிண்டில் தனியாகச் சுட்டுப் பதிந்து இசையின்மேல் ஒட்டினார்கள். ஸ்பீக்கர் கிழியாமல் தாங்குமா என்று பார்க்கும் சோதனை அது, சங்கீதம் அல்ல. 1960களில் மோனோவை இரண்டாகக் கிழித்து, மேல் ஸ்வரங்களை ஒரு பக்கமும் கீழ் ஸ்வரங்களை மறுபக்கமும் தள்ளி, கேபிடல் கம்பெனி ‘டியோஃபோனிக்’ என்று விற்றது. இன்று ‘8டி ஆடியோ, ஹெட்போனில் கேளுங்கள்’ என்று பாட்டைத் தலையைச் சுற்றிச் சுழலவிடுகிறார்கள். பாடகர் எதற்கய்யா என்னைச் சுற்றி வருகிறார்? பிரதட்சிணமா?

எதிர்ப்பக்கக் கூத்தும் உண்டு. ஒரே மைக் என்று அட்டையில் போட்டுவிட்டால் விழுந்து கும்பிடுகிற கூட்டம். கனடாவின் கௌபாய் ஜங்கீஸ் குழு 1987 நவம்பரில் டொரண்டோ ஹோலி டிரினிட்டி சர்ச்சில் ஒரே நாளில் ஏறக்குறைய முழுவதையும் பதிந்த ‘த டிரினிட்டி செஷன்’ எனக்கு உயிர். (கிறிஸ்துமஸ் ரேடியோ நிகழ்ச்சிக்கு என்று சர்ச்சில் புளுகிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள்.) ஆனால் அந்த ‘ஒரே மைக்’ ஆம்பிசோனிக் வகை, உறைக்குள் காது நாலு. பாடகி மார்கோ டிமின்ஸ் பாடியதோ ஒரு பி.ஏ. ஸ்பீக்கர் வழியாக, அந்த ஸ்பீக்கரைத்தான் மைக் கேட்டது. இருக்கட்டுமே. எல்லாரும் ஒரே கூடத்தில் இருந்தார்கள், ஒருவரை ஒருவர் கேட்டார்கள், தூரம் தூரமாகப் பதிந்தது. கணக்கு அதுதான், மைக்கின் எண்ணிக்கை அல்ல. பாடகர் மைக்கை விழுங்கிவிடுகிற மாதிரி குனிந்து, கீழ்ஸ்தாயி உப்பி, பிடில் பக்கத்து வீட்டில் கேட்கும் கல்யாணக் கச்சேரிப் பதிவுகளும் ஒற்றை மைக்தான். அவற்றை என்னால் கேட்க முடியாது. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், நான் கொண்டாடும் சில மேதைகளே அதில் இருக்கிறார்கள்.

பழகிக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். ஏதாவது ஒரு பழைய சபா பதிவில் தனி ஆவர்த்தனத்தைப் போடுங்கள். மிருதங்கம் தொடங்கியதும் பின்வரிசைக்காரர்கள் காபிக்குக் கிளம்புவார்கள். நாற்காலி இழுபடும், ஒரு பேச்சு எழும், கதவு அடிக்கும். எல்லாம் டேப்பில் இருக்கிறது. அவர்கள் தள்ளித் தள்ளிப் போவார்கள், ஒருத்தர்கூடத் தணியமாட்டார்.