பெயருக்கு முன்னால் ஒரு 'மிஸ்டர்'

பிரிட்டனிலோ அயர்லாந்திலோ நடக்கும் தடைதாண்டும் குதிரைப் பந்தயம் ஒன்றின் ரேஸ் புக்கைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலான ஜாக்கிகளுக்கு வெறும் பெயர்தான் இருக்கும். சிலருக்கு மட்டும் முன்னால் 'மிஸ்டர்', 'மிஸ்' என்று ஓர் ஒட்டு. பெரிய இடத்துப் பிள்ளைகள் என்பதற்காகக் கிடைத்த மரியாதை அல்ல அது (சிலர் அப்படியும்தான்). கூலி வாங்காமல் ஓட்டுகிறவர்கள், அதாவது அமெச்சூர் ஜாக்கிகள் என்பதற்கான அடையாளம்.

கிண்டியிலும் ஊட்டியிலும் ரேஸ் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஆட்டமே புதிது. அங்கே அவர்கள் பார்த்த பந்தயங்களில் வேலி கிடையாது. ஓரிரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். இங்கே நீண்ட பந்தயங்களில் மூன்று மைல், நான்கு மைல் ஓட வேண்டும். இருபது முப்பது வேலிகளைத் தாண்ட வேண்டும். எய்ன்ட்ரீ மைதானத்தில் நடக்கும் கிராண்ட் நேஷனல் பந்தயம் முடியச் சுமார் ஒன்பது நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் எந்தக் குதிரை முன்னால் போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதியிலேயே அலுத்துவிடும். மேலே இருக்கிற ஆளைப் பாருங்கள். அதிலும், அவர் எதைச் செய்யாமல் விடுகிறார் என்பதைப் பாருங்கள். இந்த ஆட்டத்தின் விதிகளில் பாதி, ஓட்டுபவரின் கையைக் கட்டுவதற்காகவே எழுதப்பட்டவை.

அமெச்சூர் என்றதும் கத்துக்குட்டி என்று எண்ணிவிட வேண்டாம். 2025இல் நிக் ராக்கெட் என்ற குதிரையை ஓட்டி கிராண்ட் நேஷனலை வென்ற பேட்ரிக் மல்லின்ஸ் அமெச்சூர்தான். குதிரைக்குப் பயிற்சி தந்தவர் அவருடைய அப்பா வில்லி மல்லின்ஸ். 2012இல் ஒரே ஆண்டில் 74 பந்தயங்களை வென்று, 1915 முதல் அசையாமல் நின்ற 72 என்ற அமெச்சூர் சாதனையை உடைத்தவர் பேட்ரிக். ஆறடிக்கு மேல் உயரம். அந்த உடம்போடு தினமும் எடையைக் குறைத்துக்கொண்டு தொழில்முறை ஜாக்கியாகப் பிழைப்பது லேசான காரியமில்லை. அமெச்சூர் பந்தயங்களில் சுமை அதிகம் என்பதால் உயரமானவர்களுக்கும் அங்கே இடம் உண்டு.

சரி, கண்ணை எங்கே வைப்பது? வேலிக்கு மூன்று பாய்ச்சல் முன்னால். குதிரை எந்த இடத்தில் கால் ஊன்றி எழும்ப வேண்டும் என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. பதற்றமுள்ள ஓட்டி அந்த நேரத்தில் கடிவாளத்தை இழுப்பார், உந்துவார், குதிரையின் கணக்கைக் குழப்புவார். நல்லவர் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருத்தலைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். பிடிபட்டுவிட்டால் பிறகு கண் வேறெங்கும் போகாது.

அடுத்தது, குதிரை தரையில் இறங்கும் கணம். முன்னங்கால் ஊன்றும்போது அதன் தலையும் கழுத்தும் சட்டென்று முன்னால் போகும். ஓட்டி உடம்பைப் பின்னால் சாய்த்து, விரல்களைத் தளர்த்தி, கடிவாள வாரைத் தன் போக்கில் ஓட விட வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் அவர் குதிரையின் தலைக்கு மேலாகப் போய் விழுவார், குதிரையும் தடுமாறும். விட்ட வாரை அடுத்த இரண்டு பாய்ச்சலுக்குள் மறுபடி சுருட்டிக் கைக்குள் கொண்டுவர வேண்டும். சூதாடிகள் யாரும் இதைக் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால் இந்த ஆட்டத்தின் அழகே இதில்தான் இருக்கிறது.

வாரை இப்படி ஓட விடுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. 1936 கிராண்ட் நேஷனலில் ஆந்தனி மில்ட்மே என்ற அமெச்சூர், யாரும் மதிக்காத டேவி ஜோன்ஸ் என்ற குதிரையில் முன்னணியில் வந்துகொண்டிருந்தார். கடைசிக்கு முந்தைய வேலியைத் தாண்டி இறங்கும்போது வாரை நுனிவரை ஓட விட்டார். நுனியில் இருந்த கொக்கி கழன்றுகொண்டது. திருப்பவோ நிறுத்தவோ வழியில்லாமல், கடைசி வேலியைத் தாண்டாமலே குதிரை ஓரமாக ஒதுங்கி வெளியே ஓடிவிட்டது. பின்னால் வந்த ரேனால்ட்ஸ்டவுன் வென்றது. அதை ஓட்டிய ஃபல்க் வால்வினும் அமெச்சூர்தான். செல்ட்னம் பந்தயத் திருவிழாவில் அமெச்சூர்களுக்கென்றே நடக்கும் கிம் முயர் பந்தயத்தின் பெயரோடு இன்று வால்வின் பெயரும் சேர்ந்திருக்கிறது. ஜாக்கிகள் வாரின் நுனியில் முடிச்சுப் போட்டிருப்பதை அடுத்த முறை பார்த்தால் மில்ட்மேயை நினைத்துக்கொள்ளுங்கள்.

எடை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாதாரணப் பந்தயங்களில் அனுபவம் குறைந்த ஓட்டிக்குச் சுமையில் சலுகை உண்டு. ரேஸ் புக்கில் பெயரை அடுத்து 7, 5, 3 என்று ஓர் எண் இருக்கும். அத்தனை பவுண்டு குறைத்துக்கொள்ளலாம். வெற்றிகள் சேரச் சேர எண் இறங்கி மறைந்துவிடும். மூன்று மைலில் ஒரு பவுண்டுக்கு ஒரு குதிரை நீளம் என்பது பந்தயக்காரர்களின் குத்துமதிப்பு. கிராண்ட் நேஷனலில் இந்தச் சலுகை யாருக்கும் கிடையாது.

சாட்டைக்கு வருவோம். 2022 கிராண்ட் நேஷனலின் கடைசிப் பகுதி இணையத்தில் கிடைக்கும்; பாருங்கள். ஐம்பதுக்கு ஒன்று என்ற சூதாட்ட விலையில் இருந்த நோபிள் யேட்ஸை ஓட்டுபவர் சாம் வேலி-கோஹன். பல் மருத்துவமனைகள் நடத்திய தொழிலதிபர். 2011இல் லாங் ரன் குதிரையில் செல்ட்னம் கோல்டு கப்பை வென்றவர். இதுதான் தன் கடைசிப் பந்தயம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு வந்திருந்தார். எனி செகண்ட் நவ் என்ற குதிரையோடு மல்லுக்கட்டி இரண்டேகால் நீளத்தில் ஜெயித்தார். 1990இல் மார்க்கஸ் ஆர்மிடேஜ் வென்றதற்குப் பிறகு நேஷனலை வென்ற முதல் அமெச்சூர். கூடவே, அனுமதித்த அளவுக்கு மேல் சாட்டையைப் பயன்படுத்தியதற்காக ஒன்பது நாள் தடையும் 400 பவுண்டு அபராதமும் கிடைத்தன. ஓய்வு பெற்றுவிட்டவருக்கு ஒன்பது நாள் தடை! சிரிப்பு வரும்; ஆனால் அந்த ஓட்டத்தைப் பாதி ரசிப்பும் பாதி உறுத்தலுமாகத்தான் பார்க்க முடிகிறது.

2023இல் பிரிட்டனில் சாட்டை விதி இறுகியது. தடைதாண்டும் பந்தயத்தில் ஏழு அடிக்கு மேல் கூடாது. அதற்கு மேல் நான்கு போனால் குதிரையே தகுதியிழக்கும். தோளுக்கு மேல் கையை ஓங்கவும் கூடாது. எனவே கடைசி வேலிக்கு வரும்போது ஓட்டியின் கையில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே பார்க்கலாம். நான் எண்ணுவதுண்டு.

விழுந்தவர் மறுபடி ஏறி ஓட்டுவதும் 2009 முதல் பிரிட்டனில் கிடையாது. 2001 நேஷனலில் மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வந்த குதிரைகள் இரண்டும் இடையில் ஓட்டியை இழந்து, மறுபடி ஏற்றிக்கொண்டு ஓடி முடித்தவை. இன்று அது நடக்காது.

எல்லாவற்றையும்விடக் கடினமான விதி, களைத்த குதிரையை நிறுத்திவிட வேண்டும் என்பது. 2019இல் செல்ட்னத்தில் அமெச்சூர்களுக்கான நான்கு மைல் நேஷனல் ஹண்ட் சேஸில் 18 குதிரைகள் கிளம்பி நான்கே முடித்தன. களைத்த குதிரையை நிறுத்தாததற்காக ஓட்டிகள் மூவருக்குத் தடை விதிக்கப்பட்டது. மூன்றாவதாக வந்தவரின் தடை மேல்முறையீட்டில் ரத்தானது. எது களைப்பு, எது முயற்சி என்பதில் நிபுணர்களுக்கே ஒத்த கருத்து இல்லை. அடுத்த ஆண்டு பந்தயத்தின் தூரம் குறைந்தது. 2025 முதல் தொழில்முறை ஜாக்கிகளையும் அதில் அனுமதித்துவிட்டார்கள். முடிவுப் பட்டியலில் குதிரைக்கு எதிரே 'பி' என்ற எழுத்து இருந்தால் ஓட்டி நிறுத்திவிட்டார் என்று பொருள். சூதாடிகளுக்கு அது வயிற்றெரிச்சல். பல சமயம் அன்றைய பந்தயத்தின் மிகச் சரியான முடிவு அதுவாகத்தான் இருக்கும்.

பயிற்சிக்கு ஒரு குதிரையைச் சொல்கிறேன்: பாச்சா டு போல்டர். செல்ட்னத்தில் கோல்டு கப் முடிந்ததும் அதே தூரத்தில், அதே வேலிகளில் அமெச்சூர்களுக்கு மட்டும் நடக்கும் ஃபாக்ஸ்ஹண்டர் பந்தயத்தில் அது மூன்று ஆண்டு தொடர்ந்து ஓடியது, மூன்று பெண்களோடு. 2016இல் ஒலிம்பிக் சைக்கிள் வீராங்கனை விக்டோரியா பெண்டில்டன், குதிரையேற்றம் கற்கத் தொடங்கிச் சுமார் ஓர் ஆண்டிலேயே வந்து ஐந்தாவது இடம். 2017இல் பிரையனி ஃப்ராஸ்ட், கழுத்தளவில் வெற்றி. பிறகு அவர் தொழில்முறைக்கு மாறினார். 2018இல் ஹாரியட் டக்கர், ஓட்டத்தின் நடுவே தோள்மூட்டு நழுவியும் மறுபடி கழுத்தளவில் வெற்றி. மூன்று காணொளிகளையும் அடுத்தடுத்துப் போடுங்கள். முதல் முறை, குதிரையை விட்டுவிட்டு, வேலிக்கு முன்னும் பின்னும் கைகளை மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை, வேகத்தைக் கூட்ட ஒவ்வொருவரும் எங்கே தொடங்கினார்கள் என்று பாருங்கள். டக்கரின் தோள் எந்த இடத்தில் நழுவியது என்று தெரிகிறதா, சொல்லுங்கள்.