கூற்றா, தேற்றமா?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில், பக்கத்து சீட்டுத் தம்பி குரூப் 2 பழைய வினாத்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் 'அசெர்ஷன்' என்று இருந்த இடத்தில், தமிழில் 'கூற்று' என்று இருந்தது. "சார், ரெண்டும் ஒண்ணுதானா?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துக் குறித்தது இது.

கூற்று என்றால் சொன்னது, அவ்வளவுதான். அகப்பாடல்களில் தலைவி கூற்று, தோழி கூற்று என்று குறிப்பது யார் பேசுகிறார் என்று காட்டத்தான். அழுத்திச் சொன்னாரா, தயங்கிச் சொன்னாரா என்பது அந்தச் சொல்லில் இல்லை. அசெர்ஷனில் அது உண்டு. 'இது இப்படித்தான்' என்று சொல்லிவிட்டு, சொன்னவர் அதற்குப் பொறுப்பாக நிற்கிறார். சொன்னது தவறாகவும் இருக்கலாம். அது வேறு விஷயம்.

இந்தச் சொல்லின் லத்தீன் வேர் இன்னும் கனமானது. ரோமானியச் சட்டத்தில், அடிமையாக வைக்கப்பட்டவருக்காக 'இவர் சுதந்திர மனிதர்' என்று அதிகாரி முன்னால் உரிமை கோருபவருக்கு 'அசெர்தோர்' என்று பெயர். சமூகவியல் கட்டுரைகளில் இதை 'எழுச்சி' என்று பெயர்க்கிறார்கள். அதில் கூட்டம் தெரிகிறது. மேசைக்கு முன் தனியாக நின்று சொல்லும் ஆள் தெரிவதில்லை.

அந்த ஆளை இந்தப் பக்கத்தில் நன்றாகவே தெரியும். பழங்குடிச் சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தர வேண்டும். அதற்காக இருளர் மக்கள் நடந்த நடை கொஞ்சமல்ல. பேராசிரியர் பிரபா கல்விமணியும், திண்டிவனத்தில் இயங்கும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல வருஷம் போராடியதில் இதுவும் ஒன்று.

"நாங்க இருளருதாங்க." இந்த ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். ஏகாரத்துக்கு நன்னூல் சொல்லும் பொருள்களில் ஒன்று தேற்றம், அதாவது உறுதி. பேச்சில் அந்த வேலையை 'தான்' செய்கிறது. கூடவே ஒட்டிக்கொள்ளும் 'ங்க' பணிவு. உறுதியாகச் சொல்லும்போதும் பணிய வேண்டியிருக்கிறது.

அசெர்ஷனுக்குத் தேற்றமே சரியான சொல் என்பேன். ஆனால் அது இப்போது கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அங்கே நிரூபித்தால்தான் தேற்றம். அலுவலகமும் அதையேதான் கேட்கிறது. இலக்கணத்துக்குச் சொல்பவரின் உறுதியே போதும்.

தம்பி, பரீட்சையில் 'கூற்று' என்றே எழுதுங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல.