பின்னெல்லை இல்லாத மனை

முக்கோண மனையில் தெருவைத் தொடும் பக்கம் முன்னெல்லை. மற்ற இரண்டும் பக்க எல்லைகள். பின்னெல்லை எங்கே? இரண்டு கோடுகளும் கூடும் முனைதான் மிஞ்சுகிறது. பின்புறம் இத்தனை அடி இடம் விடு என்றால், எதிலிருந்து அளப்பது?

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மண்டல விதிகள் இதற்காக ஒரு கோட்டைக் கற்பனை செய்துகொண்டன. மனைக்குள், முன்னெல்லைக்கு இணையாக, முடிந்தவரை தள்ளி, 10 அடி நீளத்தில் ஒரு கோடு, அதுவே பின்னெல்லை. 60 அடி முகப்பும் 120 அடி ஆழமும் கொண்ட முக்கோணத்தில் அது 100ஆவது அடியில் விழும். 15 அடி விடவேண்டுமானால் வீடு 85 அடியோடு நிற்க வேண்டும். முனையிலிருந்தே அளந்திருந்தால், ஏழரை அடி அகலத்தில் தொடங்கி ஒன்றுமில்லாமல் கூம்பும் மூலையைக் காட்டி, கொல்லை விட்டாயிற்று என்று சொல்லியிருக்கலாம். அண்டை வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் கிடைப்பது இந்தக் கற்பனைக் கோட்டால்தான். யார் அளந்தாலும் ஒரே விடை வரும் என்பது இதன் பெரிய பலம்.

அகலத்தை அளப்பதிலும் அதே தெளிவு உண்டு. மனையின் நடு ஆழத்தில் அளக்கச் சொல்கிறார்கள். முன்புறம் 40 அடி, பின்புறம் 100 அடி என்று விரியும் மனைக்கு (நம்மூரில் கோமுகம் என்போம்) அகலம் 70 அடி. தெருவோரம் மட்டும் அளந்தால் இது குறுகிய மனையாகிவிடும், அது அநியாயம்.

இத்தகைய மனைகள் தற்செயலாகப் பிறந்தவையும் அல்ல. வீட்டுக்கடனுக்குக் காப்பீடு அளித்த அமெரிக்கக் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் 1930களில் வளைந்த தெருக்களையும் முட்டுச்சந்துகளையும் பரிந்துரைத்தது. முட்டுச்சந்தின் வட்ட முனையைச் சுற்றி மனை பிரித்தால் விசிறி வடிவம்தான் வரும். அரசே ஊக்குவித்த வடிவம் அது.

குறை தொடங்குவது ஐந்தாறு பக்கங்கள் கொண்ட மனையில். எது பக்கம், எது பின்புறம் என்பது வாசிப்பவரைப் பொறுத்தது. அளவு பொருந்தாவிட்டால் விதிவிலக்கு கேட்க வேண்டும். கலிபோர்னியா சட்டம் மனையின் வடிவத்தை அதற்கான காரணங்களில் ஒன்றாகப் பெயர் சொல்லியே ஏற்கிறது. நியூ ஜெர்சி சட்டம் குறுகலையும் ஆழக்குறைவையும்கூடச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் விண்ணப்பம், கட்டணம், அறிவிப்பு, விசாரணை, அண்டை வீட்டாரின் ஆட்சேபம் என்று அந்த வழி நீள்கிறது. வழக்கறிஞரும் கட்டடக்கலைஞரும் வைத்துக்கொள்ள முடிந்தவர் கடந்துவிடுவார். ஓர் அறையைக் கூட்டிக் கட்ட நினைத்த சிறு வீட்டுக்காரர் பாதியிலேயே கைவிடுவார். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியும் கோணலை நிரூபிக்க ஒரு விசாரணை எதற்கு? முக்கோணத்துக்கு ஒரு கோடு வரையத் தெரிந்த விதி, ஐங்கோணத்துக்கும் வரையட்டும். அண்டைச் சுவருக்கான இடைவெளியும் மொத்தத் திறந்தவெளியும் சரியாக இருந்தால், அனுமதி அலுவலக மேசையிலேயே கிடைக்க வேண்டும்.