சீனவெடியும் சமய உரிமையும்

தம்புள்ளைக் குகைக் கோயிலைக் கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் அமைத்தான் என்பது மரபு. சீனத்தில் வெடிமருந்து கண்டறியப்பட்டதோ கி.பி. 9ஆம் நூற்றாண்டளவில். அதற்கு முன்னர் பல நூற்றாண்டுகள் இக்குன்றில் வழிபாடு வெடியின்றியே நடந்தது. அதனால் பக்திக்கு என்ன குறை நேர்ந்தது?

“வெடியில்லாமல் திருவிழாவா?” என்று வினவுவோர்க்கு இதுவே முதல் விடை. இலங்கைத் தமிழர் பட்டாசைச் ‘சீனவெடி’ என்றே வழங்குகின்றனர். அது வந்த வழியைப் பெயரே சொல்லிவிடுகிறது. தீபாவளியாயினும் சித்திரைப் புத்தாண்டாயினும், கடைச்சரக்கொன்று இன்று சமயச் சடங்கின் வேடம் பூண்டு நிற்கிறது.

கந்தகமும் கரியும் வெடியுப்பும் எரிந்தெழும் புகை எவருடைய நெஞ்சில் இறங்குகிறது? வசதியுள்ளோர் சன்னலைச் சாத்திக்கொள்வர். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் இரவிலும் மரக்கறி மூட்டை சுமக்கும் நாட்டாமைக்குச் சாத்துவதற்குச் சன்னல் ஏது? மறுநாட் காலையில் வெடிக்குப்பையைக் கூட்டும் தொழிலாளிக்கு ஏது? 2.5 மைக்ரோனிலும் சிறிய துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்லும். மூச்சுவாங்கப் பாரம் சுமப்பவனே அவற்றை மிகுதியாக உள்ளிழுக்கிறான்.

இவ்வழக்கு இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன்னும் வந்தது. 2015இல் மூன்று பச்சிளங் குழந்தைகளின் பெயரால் மனு தாக்கலாயிற்று. 23.10.2018 அன்று வந்த தீர்ப்பு, தீபாவளி வெடிக்கு இரவு 8 முதல் 10 மணிவரை எல்லை வகுத்தது. உயிர்வாழும் உரிமைக்கு அடங்கியதே சமய உரிமை என்றும் கூறிற்று.

“சிவகாசித் தொழிலாளி பட்டினி கிடப்பதா?” என்பது அடுத்த வினா. நியாயமான வினாதான், ஆனால் அதை எழுப்பும் முதலாளிகளுக்கு அத்தொழிலாளியின் உயிர்மீது எத்தனை அக்கறை? 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். மாற்றுத் தொழில் தருவது அரசின் கடமை. அவர்தம் வறுமையைப் புகைக்குக் கேடயமாக்குவது அறமன்று.

சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கும் வெடி கொளுத்துவதில்லை. அவர்கள் தீபாவளியைத் துறக்கவில்லை. வெடியை மட்டுமே துறந்தனர். பறவைக்காக ஓர் எளிய கிராமம் செய்ததை, மூச்சுத்திணறும் குழந்தைக்காக நம் கோயில் தருமகர்த்தாக்களும் விகாரைச் சபைகளும் செய்யலாகாதா?